கை முறியாமல் இருக்க வந்த உறை

இங்கிலாந்தின் வடக்கே, ஹேட்ரியன் சுவருக்கு அருகில் விண்டோலாண்டா என்ற பழைய ரோமானியப் படைமுகாம் இருக்கிறது. 2017-இல் அங்கே நடந்த அகழ்வில் இரண்டு தோல் பொருட்கள் கிடைத்தன. குத்துச்சண்டைக்குப் போடும் உறைகள் இவை என்று அடுத்த ஆண்டு அறிவித்தார்கள். வயது ஏறக்குறைய 1900 ஆண்டுகள். இன்றைய கிளவுஸ் போல விரல்களை முழுக்க மூடுபவை அல்ல. முட்டிகளின் மேல் மாட்டிக்கொள்ளும் தடித்த தோல் பட்டைகள். இரண்டும் ஒரே ஜோடியைச் சேர்ந்தவையும் அல்ல. பெரியதன் உள்ளே அதிர்ச்சியைத் தாங்க மெத்தென்று எதையோ அடைத்திருக்கிறார்கள். கிழிந்த இடத்தை ஒட்டுப்போட்டும் இருக்கிறார்கள். சிறியதற்குள் முறுக்கிச் சுருட்டிய கெட்டித் தோல். ஒன்றின் உட்புறத்தில், போட்டிருந்தவனின் முட்டிகள் அழுத்திய பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது. உலோகம் எதிலும் இல்லை. ரோமானிய அரங்குகளில் போட்டிக்குப் போட்ட கேஸ்டஸ் என்ற கைக்கட்டில் உலோகம் வைத்துக் கட்டும் வழக்கம் இருந்ததால், இவை சிப்பாய்கள் தங்களுக்குள் பழகுவதற்கு வைத்திருந்தவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சண்டைக்கு ஒன்று, பழகுவதற்கு வேறொன்று என்ற பிரிவினை அப்போதே இருந்திருக்கிறது.

கையுறையின் கதையைப் பெரும்பாலும் ஒரு நாகரிகக் கதையாகச் சொல்வார்கள். ஆதியில் வெறுங்கையால் அடித்துக்கொண்டார்கள், பிறகு மனிதனுக்கு இரக்கம் வந்தது, மெத்தை வைத்துத் தைத்தான், ஆட்டம் பாதுகாப்பானது. சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தக் கதை நிற்பதில்லை. உறை வந்தது குத்துகிறவனின் கைக்காக. வாங்குகிறவனின் தலைக்கு அது செய்த உதவி அரைகுறையானது. சில வகையில் அது கெடுதலே செய்தது. இந்தச் சரித்திரம் தெரியாமல் கடைக்குப் போய் ‘எத்தனை அவுன்ஸ் வாங்கலாம்?’ என்று கேட்டால், கிடைக்கும் பதில் பாதிக் கேள்விக்குத்தான் பதிலாக இருக்கும். காரைக்கால் கரையிலுள்ள கிளிஞ்சல்மேடு போன்ற ஒரு மீனவக் கிராமத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. அங்கே கை என்பது விளையாட்டுக்கு மட்டும் உள்ள உறுப்பு அல்ல. கயிறு இழுப்பது, வலை வாங்குவது, ஐஸ் பெட்டி தூக்குவது எல்லாம் அதே கைதான். விரலெலும்பு முறிந்தவன் ஒரு மாதத்துக்கு மேல் கடலுக்குப் போக முடியாது. போகாதவனுக்குப் பங்கும் கிடையாது.

கிரேக்கர்கள் கி.மு. 688-இல் குத்துச்சண்டையை ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள். அதற்கு அவர்கள் கட்டியது மாட்டுத்தோல் வார். மணிக்கட்டையும் முட்டியையும் இறுக்கிச் சுற்றுவார்கள். விரல்நுனிகள் வெளியே தெரியும். 1885-இல் ரோம் நகரத்து மண்ணில் கிடைத்த ‘ஓய்ந்து அமர்ந்த குத்துச்சண்டைக்காரர்’ என்ற வெண்கலச் சிலையைப் பார்த்தால் அந்த வாரின் வேலை என்ன என்பது விளங்கிவிடும். கைகளில் தோல் பட்டை கச்சிதமாக, மடிப்பு மடிப்பாகக் கட்டியிருக்கிறது. முகமோ சிதைந்து கிடக்கிறது: மூக்கு உடைந்திருக்கிறது, காதுகள் வீங்கித் திரண்டிருக்கின்றன, வெட்டுக்காயங்களில் இரத்தம் தெரிய வேண்டும் என்று சிற்பி செம்பு பதித்திருக்கிறான். கை பத்திரம், முகம் நாசம். அதே கிரேக்கர்கள் பயிற்சி என்று வந்துவிட்டால் வாரைக் கழற்றிவிட்டு மெத்தென்ற உருண்டை உறைகளை மாட்டிக்கொண்டார்கள். பிளேட்டோ தன் ‘சட்டங்கள்’ நூலில் இதைக் குறிப்பிடுகிறார். ஆக, எதிராளியைக் காக்கும் உறை எப்படி இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. போட்டிக்கு அது வேண்டாம் என்று வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

நம் பக்கத்துச் சான்று ஒன்று இதைவிடக் கூர்மையானது. மைசூர் அரண்மனையில் தசராவின்போது ஜெட்டி சமூகத்தவர் நடத்தும் வஜ்ரமுஷ்டி, கையில் தந்தத்தாலோ கொம்பாலோ செய்த முள் பதித்த கருவியை மாட்டிக்கொண்டு மோதும் ஆட்டம். பார்க்கிறவருக்கு இதைவிடக் கொடூரமான கையணி இருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் தலையில் முதல் துளி இரத்தம் வந்த நொடியில் ஆட்டம் முடிந்தது. பல மோதல்கள் நிமிடக் கணக்குக்கே போவதில்லை. கருவி கொடியது, விதி கருணையானது. உயிரைக் காப்பது கையில் மாட்டியிருப்பதா, நிறுத்தச் சொல்லும் விதியா என்ற கேள்விக்கு மைசூரின் பதில் தெளிவாக இருக்கிறது. இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது: கருவி மென்மையாயிற்று, விதி நீண்டுகொண்டே போயிற்று.

ஜாக் பிராட்டன் என்ற லண்டன் குத்துச்சண்டைக்காரர் 1743-இல் முதல் விதித்தொகுப்பை எழுதினார். அவரோடு மோதிய ஜார்ஜ் ஸ்டீவன்சன் இறந்துபோனதுதான் அதற்குக் காரணம் என்று வழிவழியாகச் சொல்வார்கள். ஆனால் அந்த விதிகளில் கையுறை கிடையாது. உறையைப் பிராட்டன் கொண்டுவந்தது 1747-இல், தன் பயிற்சிக்கூடத்துக்குப் பணக்கார மாணவர்களைச் சேர்க்க விளம்பரம் செய்தபோதுதான். கண் கறுக்காது, தாடை உடையாது, மூக்கில் இரத்தம் வராது என்பது அந்த விளம்பரத்தின் வாக்குறுதி. கனவான்கள் மறுநாள் விருந்துக்குப் போக வேண்டும், முகம் கெடக்கூடாது. பணத்துக்காக மோதுகிறவர்கள் இன்னும் நூறாண்டுக்கு மேல் வெறுங்கையாலேயே மோதினார்கள். கையுறையைப் போட்டிக்குள் கொண்டுவந்தது 1867-இல் வெளியான குவீன்ஸ்பரி விதிகள். எழுதியவர் ஜான் கிரஹாம் சேம்பர்ஸ். பெயர் மட்டும் குவீன்ஸ்பரி பிரபுவினுடையது. மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, விழுந்தவன் பத்து எண்ணுவதற்குள் எழ வேண்டும், கையுறை புதிதாகவும் தரமாகவும் இருக்க வேண்டும் என்பவையெல்லாம் அதில் வந்தவை. இவற்றில் பத்து எண்ணும் விதியும் கையுறையும் ஒன்றுசேர்ந்து செய்த மாற்றத்தைப் பலர் கவனிப்பதில்லை. வெறுங்கைக் காலத்தில் மண்டையில் ஓங்கிக் குத்துவது முட்டாள்தனம். மண்டையோடு கெட்டி, விரலெலும்பு மெலிது. இரண்டும் மோதினால் எது உடையும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் விலாவிலும் வயிற்றிலும் குத்துவார்கள், கட்டிப்பிடித்துத் தள்ளுவார்கள், முகத்துக்குப் போனாலும் அளந்து குத்துவார்கள். உறை வந்தபின் அந்தப் பயம் போயிற்று. மண்டையே முதல் இலக்காயிற்று. எதிராளியைப் பத்து விநாடி நினைவிழக்கச் செய்தால் வெற்றி என்று விதியும் வழிவிட்டது. 1889-இல் ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் வெறுங்கையோடு 75 சுற்று மோதினார்கள். உலகக் கனரகப் பட்டத்துக்கான கடைசி வெறுங்கைப் போட்டி அது. மூன்றே ஆண்டில், 1892-இல், அதே சல்லிவன் 5 அவுன்ஸ் உறை போட்டு ஜேம்ஸ் கார்பெட்டோடு மோதி, 21-ஆம் சுற்றில் நாக்-அவுட் ஆகிப் பட்டத்தை இழந்தார்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்புதான். வெறுங்கைச் சண்டை அப்படி என்ன பாதுகாப்பாக இருந்தது? 1833-இல் சைமன் பைர்ன் என்பவர் 99 சுற்று, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடிவாங்கிச் சில நாளில் செத்துப்போனார். அதற்கு முன் அவரே ஒருவரைக் கொன்றதாக வழக்கில் நின்றவர். ஐந்து ஆண்டு கழித்து இன்னொருவர் இறந்தபின் விதிகளை மாற்றி எழுத வேண்டியிருந்தது. முகம் கிழிந்தது, கண் போயிற்று, காயம் சீழ்ப்பிடித்தது. இவற்றை மறுக்க முடியாது. வெறுங்கைக்குத் திரும்புவோம் என்று வாதாட இங்கே யாரும் வரவும் இல்லை. வாதம் அதைவிடச் சிறியது. கையுறை காயத்தின் இடத்தை மாற்றியது. தோலிலும் எலும்பிலும் தெரிந்த காயம், மண்டைக்குள் தெரியாத இடத்துக்குப் போனது. மூளை மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதக்கிறது. தாடையில் விழுந்த குத்து தலையைச் சட்டென்று திருப்பும்போது, மூளை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கி முறுக்கப்படுகிறது. மெத்தை தோல் கிழிவதைத் தடுக்கும். தலை திரும்புவதைத் தடுக்காது. ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், ஓய்வுபெற்ற குத்துச்சண்டைக்காரர்களின் தள்ளாட்டத்தையும் குழறலையும் பற்றி எழுதியது 1928-இல். அதாவது, கையுறைப் போட்டிகளிலேயே வளர்ந்த முதல் தலைமுறை முதுமையை எட்டிய காலத்தில். 1962-இல் பென்னி பாரெட், 1963-இல் டேவி மூர், 1982-இல் கொரியாவின் கிம் டுக்-கூ என்று போட்டியில் பட்ட காயத்தால் இறந்த எல்லோரும் சட்டப்படி அளவிட்ட கையுறைகளுக்கு எதிரே நின்றவர்கள்தான்.

தமிழ்நாட்டில் இந்தக் கையுறை வேர் பிடித்த இடம் வட சென்னை. கிளிஞ்சல்மேடு 1954 நவம்பர் வரை பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. ஆங்கிலேயக் குத்துச்சண்டையோ பட்டாளத்தாரும் ஆங்கிலோ-இந்தியர்களும் துறைமுகமும் இருந்த சென்னைக்குத்தான் முதலில் வந்தது. ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, பெரம்பூர்ப் பக்கத்துத் துறைமுகத் தொழிலாளிகளும் மீனவர்களும் ஆலைத் தொழிலாளிகளும் அதைக் கற்றுக்கொண்டு தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரைகள் உண்டாயின. வாத்தியார், சிஷ்யன், குல மானம் எல்லாம் சிலம்பக் களரியிலிருந்து அப்படியே இறங்கி வந்தன. கையில் மாட்டியது மட்டும் சீமைச் சரக்கு. ‘ரோசமான குத்துச்சண்டை’ என்று அதற்குப் பெயர். கண்ணப்பர் திடலில் கூட்டம் அலைமோதும். 2021-இல் வந்த பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ படம் இந்த உலகத்தைப் புதிய தலைமுறைக்குக் காட்டியது.

அந்தப் பரம்பரைக்காரர்களின் வாய்மொழி வரலாற்றில் ஆழமாகப் பதிந்திருப்பது டெர்ரி என்ற ஆங்கிலோ-இந்தியக் குத்துச்சண்டைக்காரரின் கதை. அவரோடு மோதிய அருணாசலம் என்பவர் உயிரிழந்தார் என்றும், பிறகு கித்தேரி முத்து டெர்ரியை வீழ்த்தினார் என்றும், அதற்காகப் பெரியார் முத்துவைத் ‘திராவிட வீரன்’ என்று பாராட்டினார் என்றும் சொல்கிறார்கள். இந்தக் கதை எத்தனை முறை சொல்லப்பட்டாலும் பழி தீர்த்ததுதான் பேசப்படுகிறது. முதலில் இறந்தவர் எப்படி இறந்தார் என்று யாரும் நின்று கேட்பதில்லை. கையுறை போட்டிருந்தார்கள், விதி இருந்தது, நடுவர் இருந்தார், ஆனாலும் ஒருவர் போனார் என்பதை ரோசம் மறைத்துவிடுகிறது. 1990-களுக்குள் அந்தப் பணப்போட்டி மேடைகள் ஓய்ந்தன. அவற்றின் தொடர்ச்சியாக அமெச்சூர் பயிற்சிக்கூடங்கள் நிலைத்தன. 1994-இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற வி. தேவராஜன் சென்னைக்காரர்.

வட சென்னைத் தொழிலாளி ஏன் கையுறையை ஏற்றுக்கொண்டார் என்று யோசித்தால், கையுறைக்குச் சாதகமான வலுவான வாதமும் அங்கேதான் கிடைக்கிறது. சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை எலும்பு முறிவதற்கு மருத்துவத்தில் ‘குத்துச்சண்டைக்காரர் முறிவு’ என்றே பெயர். சரியாகக் குத்தத் தெரியாதவருக்கும், உறையில்லாமல் சுவரிலும் மண்டையிலும் குத்தியவருக்கும் அது வரும். மூட்டை தூக்குகிறவருக்கும் வலை இழுக்கிறவருக்கும் அது ஒரு பருவத்தின் சம்பளம். பிராட்டனின் கனவான்கள் முகத்துக்காக உறை போட்டார்கள்; காசிமேட்டுக்காரர் பிழைப்புக்காகப் போட்டார். ஆகவே, ‘கையைக் காப்பது தன்னலம், தலையைக் காப்பது அறம்’ என்று எளிதாகப் பிரித்துவிடக் கூடாது. கிளிஞ்சல்மேட்டில் ஓர் இளைஞன் பழக ஆரம்பித்தால் அவன் வீட்டில் முதலில் கேட்பதும் கையைப் பற்றித்தான் இருக்கும். அந்தக் கேள்வி சரியானது. ஆனால் அதற்கு விடை கையுறையில் பாதிதான் இருக்கிறது. மீதி அதற்கு உள்ளே சுற்றும் துணிப்பட்டையில் இருக்கிறது. நாலரை மீட்டர் நீளமுள்ள அந்தப் பட்டையை மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டிகளின் மேல் மூன்று சுற்று, விரலிடுக்குகளின் வழியாக ஒவ்வொன்றாக, கட்டைவிரலைத் தனியாக என்று கட்டி முடித்தால், தனித்தனியாக அசையும் சிறு எலும்புகள் ஒரே கட்டையாக இறுகும். கிரேக்கன் தோல் வாரில் செய்த வேலை இதுதான். இது இல்லாமல் எத்தனை ஆயிரத்துக்குக் கையுறை வாங்கியும் பயனில்லை.

தலையின் பாதுகாப்புக்கு மெத்தையை நம்பலாமா என்ற கேள்விக்கு அமெச்சூர் சங்கமே சுற்றி வளைத்து ஒரு பதில் சொன்னது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. 2013-இல் சர்வதேசச் சங்கம் ஆண்கள் போட்டியில் அதை எடுத்துவிட்டது. 2016 ரியோவில் ஆண்கள் வெறுந்தலையோடு மோதினார்கள். கவசம் போட்டிருந்தால் வீரர் தலையைக் கொடுத்து அடி வாங்கத் துணிகிறார், பக்கப் பார்வையும் மறைகிறது, மூளை அதிர்ச்சி குறையவில்லை என்பது சங்கம் சொன்ன காரணம். அந்த ஆய்வை ஏற்காத மருத்துவர்கள் உண்டு. நெற்றி வெட்டுக்காயம் கூடியதும் உண்மை. பெண்களுக்கு மட்டும் கவசத்தை விட்டுவைத்தது ஏன் என்பதற்கும் திருப்தியான விளக்கம் வரவில்லை. இருந்தாலும், மெத்தை கூடினால் துணிச்சலும் கூடும் என்ற கவனிப்பு குவீன்ஸ்பரி காலத்துக்கும் பொருந்துகிறது.

அடி அதிகம் விழுவது போட்டியில் அல்ல, பயிற்சியில். போட்டி ஆண்டுக்குச் சில முறை. கூட்டாளியோடு மோதிப் பழகும் ஸ்பாரிங்கோ வாரத்துக்குப் பல முறை. 1980-இல் முகம்மது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியபோது, ஊரே திரண்டு பார்த்தது. நான்கு ஆண்டு கழித்து அவருக்குப் பார்கின்சன் அறிகுறிகள் இருப்பதாக மருத்துவர்கள் சொன்னார்கள். குத்துச்சண்டைதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்வதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அலி தன் பயிற்சிக் கூட்டாளிகளை வேண்டுமென்றே தன்னை அடிக்கவிட்டு உடம்பைப் பழக்கிக்கொண்டவர் என்பது அவர் கூடவே இருந்தவர்கள் பதிவு செய்த விஷயம். அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, இனி ஆடக் கூடாது என்று சொல்லிப் பார்த்து, கேட்கவில்லை என்றதும் 1977-இல் விலகிக்கொண்டார். ஆயிரம் பேர் கைதட்டும் குத்தைவிட, யாரும் பார்க்காத மாலை நேரத்துக் குத்துகளே கணக்கில் அதிகம். விண்டோலாண்டாவின் சிப்பாயும் பிளேட்டோ குறிப்பிட்ட கிரேக்கனும் பயிற்சிக்குத் தனி உறை வைத்திருந்தது காரணமில்லாமல் இல்லை.

‘மெத்தை தலையைக் காக்காது என்றால் அதை எடுத்துவிட்டால் என்ன?’ என்று கேட்கலாம். 1983 ஜூன் 16-ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அதற்கான பரிசோதனையை ஒரு பயிற்சியாளர் குற்றமாகச் செய்து காட்டினார். லூயிஸ் ரெஸ்டோவின் கையுறைகளிலிருந்து திணிப்பில் ஒரு பகுதியைப் அவருடைய பயிற்சியாளர் பனாமா லூயிஸ் வெளியே எடுத்திருந்தார். பத்துச் சுற்றும் முடிந்தபோது, அதுவரை தோற்றறியாத இளைஞர் பில்லி காலின்ஸின் கண்கள் வீங்கி மூடியிருந்தன. கை குலுக்கும்போது காலின்ஸின் தந்தை ரெஸ்டோவின் கையுறையைப் பிடித்தார், மெல்லிசாக இருப்பதை உணர்ந்தார், அந்த இடத்திலேயே கூச்சல் போட்டார். காலின்ஸின் பார்வை நிரந்தரமாகக் கெட்டது, ஆட்டமும் போயிற்று. ஓராண்டுக்குள் கார் விபத்தில் இறந்தார். பயிற்சியாளரும் வீரரும் சிறை சென்றார்கள். ஆக, மெத்தைக்கு வேலை இருக்கிறது. கண்ணையும் முகத்தெலும்பையும் அது நிச்சயமாகக் காக்கிறது. இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பனாமா லூயிஸ் குற்றமாகச் செய்ததை, நம் ஊர்ப் பயிற்சிக்கூடங்கள் சிக்கனமாகச் செய்துகொண்டிருக்கின்றன. மணல் மூட்டையில் மாதக்கணக்கில் குத்திய கையுறையின் ஃபோம் முட்டிக்கு நேரே நசுங்கித் தகடாகிவிடும். மேல்தோல் பளபளவென்று இருக்கும், எடைபோட்டால் 14 அவுன்ஸ் காட்டும். அதையே மாட்டிக்கொண்டு நண்பனோடு மோதினால், அது ரெஸ்டோவின் கையுறை. யாரும் திருடவில்லை, யாரையும் சிறையில் போட முடியாது, அவ்வளவே வித்தியாசம்.

அவுன்ஸ் கணக்கை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தொழில்முறைப் போட்டியில் 66.7 கிலோ வரை 8 அவுன்ஸ், அதற்கு மேல் 10 என்பது பொது வழக்கம். அமெச்சூரில் 10, கனமான ஆண்கள் பிரிவுகளுக்கு 12. இவை போட்டிக்கான எண்கள். அடி உறைக்க வேண்டும் என்று வைத்த எண்கள். ஸ்பாரிங்குக்கு 14 அல்லது 16. உடம்பு சிறியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் 12-க்குக் கீழே போக வேண்டாம். 16 அவுன்ஸ் என்பது சுமார் 454 கிராம், 10 அவுன்ஸோ 283 கிராம்தான். எடை கூடக் கூட கை வேகம் குறையும், மெத்தைப் பரப்பு விரியும். எடையுள்ள உறை எதிராளியின் தலையை இன்னும் பலமாகத் தள்ளும் என்பாரும் உண்டு. முழுப் பலத்தோடு குத்தினால் அது உண்மையாகவும் இருக்கலாம். அதனால்தான் ஸ்பாரிங்கில் உறையைவிட முக்கியம் அரைப் பலத்தில் குத்தும் ஒழுக்கம் என்று நல்ல வாத்தியார்கள் சொல்கிறார்கள். மைசூர் ஜெட்டிகளின் விதி போல, நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும்.

திணிப்பிலும் இரண்டு சாதி உண்டு. குதிரைமுடி அடைத்தது மெலிதாக, முட்டி எதிராளிக்குத் தெரியும்படி இருக்கும். பழைய மெக்சிகோ கையுறைகள் அதற்குப் பேர்போனவை. அது போட்டிக்காரருக்குரியது, பழகுகிறவருக்கு வேண்டாம். அடுக்கு ஃபோம்தான் ஸ்பாரிங்குக்கு. கட்டைவிரல் உறையோடு சேர்த்துத் தைத்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். தனியே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைவிரல்தான் கண்ணுக்குள் போகும். கயிறு கட்டும் உறை மணிக்கட்டை நன்றாக இறுக்கும், ஆனால் கட்டிவிட இன்னொருவர் வேண்டும். தனியாகப் பழகுகிறவருக்கு ஒட்டுப்பட்டையே சௌகரியம். துணிப்பட்டை சுற்றிய கையோடு போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், வெறுங்கையால் அளவு பார்க்கக் கூடாது. நம் நாட்டில் கிடைக்கும் கையுறைகளில் பெரும்பாலானவை ஜலந்தரிலும் மீரட்டிலும் தைத்தவை. பிரிவினைக்குப் பின் சியால்கோட்டிலிருந்து வந்த கைவினைஞர்கள் அங்கே நிலைநிறுத்திய தொழில் அது. ஆம்பூரும் வாணியம்பாடியும் பக்கத்தில் இருந்தும், நம் தோல் செருப்புக்கும் ஷூவுக்கும்தான் போகிறது. கடலோர ஊரில் ரெக்சின் உறை சீக்கிரம் வெடித்துவிடும், நல்ல தோல் உப்புக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: பழகி முடித்ததும் ஈரத்தைத் துடைத்து, நேர் வெயிலில் போடாமல், காற்றோட்டமான நிழலில் வாய் திறந்து தொங்கவிடுவது.

இவ்வளவும் காசு உள்ளவர்களுக்கு என்று கடைசி மறுப்பு வரும். ஒரு ஜோடி வாங்கவே கடன் வாங்குகிற வீட்டில், மூட்டைக்கு ஒன்று, ஸ்பாரிங்குக்கு ஒன்று என்று எங்கே போவது? சரிதான். ஆனால் இந்தச் செலவைப் பையன் தலையில் போடுவதே தவறு. மூட்டை குத்துகிற உறை அவரவருடையதாக இருக்கட்டும். விலை குறைந்ததாகவும் பழையதாகவும் இருக்கலாம், அது காக்கிற கை அவருடையது. ஸ்பாரிங் உறை பயிற்சிக்கூடத்தின் பொறுப்பு, ஏனென்றால் அது காக்கிற தலை இன்னொருவருடையது. நான்கு ஜோடி 16 அவுன்ஸ், இரண்டு ஜோடி 12 அவுன்ஸ் வாங்கிப் பூட்டிவைத்து, ஸ்பாரிங் நாளில் மட்டும் எடுத்துக் கொடுத்தால் ஒரு சிறிய கூடத்துக்குப் போதும். அவற்றால் யாரும் மூட்டையைத் தொடக் கூடாது. மாதத்துக்கு ஒரு முறை வாத்தியார் ஒவ்வொரு உறையின் முட்டிப் பகுதியையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கட்டும். உள்ளே மாட்டிய கையின் எலும்பு தட்டுப்பட்டால் அது ஸ்பாரிங் உறை அல்ல. அன்றே அதைப் பூட்டிலிருந்து எடுத்து மூட்டைக்குத் தள்ளிவிட வேண்டும்.